ஜகாத்தும் மாமியும் ஒரே கப்பலில்

1968 நவம்பர் 10, ஞாயிறு

கல்லாப்பெட்டிக்குள் நண்டு விட்டதற்காக மூன்று வாரம் எங்கள் துணிக்கடைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று தீர்ப்பு. நண்டு என்றால் பெரிய நண்டு இல்லை. கடற்கரை மணலில் யாரோ விட்டுப்போன சங்கைத் தூக்கிக்கொண்டு ஊருமே, வாடகை வீட்டுக்காரர், அவர்தான். கடை ஆள் யூசுப் காக்கா மிச்சம் கொடுக்கக் கையை விட்டதும் விரலைப் பிடித்துக்கொண்டார். கல்லாவிலிருந்து காசு வெளியே போனால் யாருக்காவது வலிக்கத்தானே வேண்டும் என்று கேட்டேன். அதற்கு இன்னும் ஒரு வாரம் கூட்டிவிட்டார் வாப்பா.

நான்கு வாரம் விடுமுறை. நஷ்டம் கடைக்குத்தான்.

நவம்பர் 16

ஜெய்னம்பு இந்த வாரமும் ஸ்கூலுக்கு வரவில்லை. புரோத்ராபூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அவள் வாப்பா ஆகஸ்டில் காமாலையில் மௌத்தானதிலிருந்தே அப்படித்தான், ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. மரம் ஏற்றுகிற கூலி வேலை பார்த்தவர். பென்ஷனும் இல்லை, பெருசா ஒன்றும் இல்லை. அவள் உம்மா சுலைகா மாமி இத்தாவில் இருக்கிறார். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாதே, அது. ஆக, கடைக்குப் போவது, விறகு பொறுக்குவது, ரேஷனுக்கு நிற்பது எல்லாம் இவள்.

"ஸ்கூல் எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"நீ இல்லாம ஒழுங்கா நடக்குது. அதான் போர் அடிக்குது."

சிரித்தாள். பாதி சிரிப்பு. மீதியை எங்கே வைத்தாளோ.

பக்கத்து வீட்டு நீலாவதி அக்கா வேலிக்கு மேலே ஒரு சொம்பு பால் நீட்டினார். அவர்கள் வீட்டில் ஒரு பசு இருக்கிறது, பெயர் கோரி. அக்காவின் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம் சாருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்துவிட்டதாம். கோரியை யார் தலையில் கட்டுவது என்றுதான் அக்காவுக்குக் கவலை. என் தலை காலியாகத்தான் இருக்கிறது என்றேன். அது எல்லாருக்கும் தெரியும் என்றார். நான் பேச வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற ஒரே ஆள் இந்த அந்தமானிலேயே அவர்தான், அவருக்குப் போய் மாற்றல்!

நவம்பர் 18

கப்பல் வந்தது. மெயின்லேண்டில் எங்கள் ஊரில் இருக்கும் வாப்பாவின் அண்ணன், பெரிய வாப்பாவின் கடுதாசியும் வந்தது. வாப்பா அதைக் கடையில் உட்கார்ந்து, துணி எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி வாசித்தார். போன வருஷம் நோன்பில் நம் வீட்டு வாசலில் ஜகாத் வாங்க வந்தவர்கள் வரிசை பள்ளிவாசல் முக்கு வரைக்கும் போனதாம். அதற்கு முந்தின வருஷம் கிணற்றடி வரைக்கும்தானாம். இந்த வருஷம் இன்னும் நீளும், ஆகவே தாராளமாக அனுப்பவும்.

வாப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் முதல் மார்க் வாங்கின மாதிரி.

எனக்கு ஒரு சந்தேகம். ஜகாத் கொடுத்தால் ஏழைகள் குறைய வேண்டும் இல்லையா? வருஷா வருஷம் வரிசை நீண்டுகொண்டே போனால் நாம் போடுவது மருந்தா, உரமா?

கேட்டேன். "போய் வேலையைப் பாரு, வாலு" என்றார். வேலை ஒன்றும் இல்லை. கடைக்குள் வரக் கூடாது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். நான் வாசலில் நின்றுதான் கேட்டேன்.

நவம்பர் 22

பிறை தெரிந்தது. நாளையிலிருந்து நோன்பு.

மெயின்லேண்டில் ஆறு மணிக்கு மேல் நோன்பு திறப்பார்கள், இங்கே ஐந்து மணிக்கே சூரியன் ஓடிவிடும், அந்தமானில் நோன்பு பிடிப்பது சுலபம் என்று யூசுப் காக்கா வருஷா வருஷம் கண்டுபிடிக்கிறார். அதே சூரியன் விடியற்காலையிலும் முந்திக்கொண்டு வந்து நிற்பதை மட்டும் கண்டுபிடிக்க மாட்டார்.

நவம்பர் 25

மத்தியானம் புரோத்ராபூர் போனேன். ஜகாத் என்றால் என்ன என்று நீலாவதி அக்கா கேட்டார். சொன்னேன். கடனெல்லாம் போக, வருஷம் முழுக்கச் சும்மா கிடந்த பணம், நகை, கடைச் சரக்கு, இதில் நாற்பதில் ஒரு பங்கு. மனசு வந்தால் கொடுப்பது இல்லை. தொழுகை மாதிரி, கொடுத்தே தீர வேண்டும். தர்மம் வேறு, இது வேறு.

"நல்ல ஏற்பாடா இருக்கே. அப்போ இவங்களுக்கு?" என்று கண்ணாலேயே மாமி வீட்டைக் காட்டினார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

நவம்பர் 27

தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இன்றைக்கு ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்து பஜார்க்காரர்கள் எல்லாம் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். பாவம் சுலைகா, ஆம்பளைத் துணை இல்லாத பொம்பளை, வயசுப் பொண்ணு வேறே, இந்தத் தீவில் என்ன செய்வாள்? அதனால் இத்தா முடிந்ததும் மாமிக்கும் ஜெய்னம்புவுக்கும் கப்பலில் மலிவான பங்க் கிளாஸ் டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவது. அங்கே சொந்தம் யாரும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, பெரிய வாப்பா இருக்கிறாரே, வருஷா வருஷம் ஜகாத் கொடுக்கிற வீடாயிற்றே, கைவிட்டுவிடுவாரா? இப்படி வாப்பாவே சொன்னாராம். உம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

துணைக்கு யூசுப் காக்கா போகிறார். எப்படியும் அவர்தானே ஜகாத் பணத்தைக் கொண்டுபோகப் போகிறார், ஒரே கப்பல்!

அதாவது. வாப்பாவின் ஜகாத் ஒரு பெட்டியில் கப்பலேறும். அதை வாங்க வேண்டியவர்களும் அதே கப்பலில் ஏறுவார்கள். நாலு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு போய் மெட்ராசில் இறங்கி, ரயிலேறி, ஊருக்குப் போய், பள்ளிவாசல் முக்கில் வரிசையின் வாலில் நிற்பார்கள். பெட்டியைத் திறந்து பெரிய வாப்பா ஒரு சேலையும் கொஞ்சம் சில்லறையும் கொடுப்பார்.

நடுக்கடலிலேயே கொடுத்துவிட்டால் ஆகாதா? கப்பலையாவது திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

நவம்பர் 28

ஜெய்னம்புவிடம் நடுக்கடல் ஜோக்கைச் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள். ஜோக் நல்லா இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டிசம்பர் 1

நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது வாப்பாவிடம் கேட்டே விட்டேன். கஞ்சி குடிக்கும்போது வாப்பா யாரையும் திட்ட மாட்டார் என்பது என் நெடுநாள் ஆராய்ச்சி.

பணத்தை அனுப்பாமல் இங்கேயே கொடுத்தால் என்ன?

"இங்கே ஏழை யாருடி இருக்கா? ஒண்ணு கவர்ன்மென்ட் வேலை. இல்லேன்னா கவர்ன்மென்ட் குடுத்த நெலம்."

சுலைகா மாமி?

"அவளைத்தான் ஊருக்கு அனுப்புறோமே."

பாருங்கள் இந்த அழகை. ஏழை ஒருத்தர் இருந்தால் அவரைக் கப்பலேற்றிவிட வேண்டியது. அப்புறம் இங்கே ஏழையே இல்லை என்று சொல்ல வேண்டியது. கணக்கு சரியாகத்தான் வருகிறது!

உம்மா அகப்பையால் என் கிண்ணத்தை நிரப்பினார். வாயை மூடு என்பதற்கு உம்மாவின் பாஷை அது.

டிசம்பர் 5

செய்துவிட்டேன்.

விடிந்ததும் கடை திறக்கும் முன்னே போய், வாசலிலிருந்து ரோடு வரைக்கும் சாக்பீசால் நீளமாய் ஒரு கோடு. தொடக்கத்தில், 'ஜகாத் வரிசை இங்கே ஆரம்பம்'. கோடு முடிகிற இடத்தில் கடலைப் பார்த்து ஒரு அம்புக்குறி. 'வரிசையின் தொடர்ச்சி மெட்ராஸ் துறைமுகத்தில்.' தமிழ் மட்டும் என்றால் பஜாரில் பாதிப் பேருக்குப் புரியாதே என்று ஹிந்தியிலும் எழுதினேன். எழுத்து முத்து முத்தாக வந்தது.

பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ஒரு ஆள் பாக்கி இல்லை. நின்று படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தையல்கடை ராஜமாணிக்கம் அண்ணன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ஊசி கீழே விழுந்தது. வாப்பா வந்து பார்த்தார். வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அது வரைக்கும் எல்லாம் நான் போட்ட திட்டப்படிதான்.

துடைப்பதற்கு முன்னால் ஜெய்னம்பு வந்தாள். உளுந்து வாங்க பஜாருக்கு வந்தவள் என்னைப் பார்க்க ஓடிவந்தாள். கோட்டின் மேலேயே வந்து நின்றாள், அவள் கீழே பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். எழுத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். துணி எடுக்க வந்த ஒரு கிழவர், நல்ல மனுஷன்தான், "லே பேட்டி", வாங்கிக்கோ மகளே, என்று அவள் கையைப் பிடித்து நாலணாவை வைத்துவிட்டார்.

அவள் குனிந்து படித்தாள். என் எழுத்து என்று அவளுக்குத் தெரியாதா. எத்தனை போர்டில் ஒன்றாக எழுதியிருக்கிறோம்.

காசை கோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் 6

போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருக்கிறாள் என்று தெரியும், அவள் தும்மல் எனக்குத் தெரியாதா.

டிசம்பர் 7

கடையில் நுழையலாம் என்று வாப்பா சொல்லிவிட்டார். எனக்குத்தான் போகப் பிடிக்கவில்லை. மைமூன், நீ ஒரு பெரிய கழுதை.

டிசம்பர் 9

நீலாவதி அக்கா பஜாரில் என்னைப் பிடித்துக்கொண்டார். நீ கோடு போட்டது உங்க வாப்பாவுக்கு, ஆனா அதுல வந்து நின்னது அந்தப் பொண்ணுதானே என்றார். எனக்குத் தெரியாதது போல! அப்புறம், மாமி வேலிப்பக்கம் வந்து கோரியைப் பற்றியே கேட்கிறாராம். எத்தனை கன்று போட்டது, தீவனம் என்ன, விலை என்ன என்று. சும்மா பேச்சுக்குத்தான் கேட்கிறார் என்று அக்கா நினைக்கிறார்.

மாமி சும்மா பேசி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 13

நேற்றோடு மாமியின் இத்தா முடிந்தது. நாலு மாதம் கழித்து வீட்டைவிட்டு வெளியே வந்தவர் நேராக எங்கள் கடைக்கு வந்தார். வெள்ளைத் துப்பட்டி, பின்னால் ஜெய்னம்பு. நான் மேல்தட்டில் லுங்கிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

வாப்பா எழுந்து உட்காரச் சொன்னார். மாமி உட்காரவில்லை.

"டிக்கெட் எடுத்துட்டீங்களாமே காக்கா."

ஆமாம், பதினாறாம் தேதிக் கப்பல், எல்லாம் ஏற்பாடாயிடுச்சு, ஒண்ணும் கவலைப்படாதே என்றார் வாப்பா.

"அந்தக் கப்பல்லதான் ஜகாத்தும் போகுதாமே. நானும் போயி, அதுவும் போயி, அங்கே வரிசையில நின்னு அதை நான் வாங்கணும். நடுக்கடல்லயே குடுத்துட்டா ஆகாதா?"

அது என் வார்த்தை. நான் சொன்னபோது சிரிப்பு வந்தது. மாமி சொன்னபோது கடையில் யாரும் சிரிக்கவில்லை. ராஜமாணிக்கம் அண்ணன்கூட மெஷினை நிறுத்திவிட்டார்.

வாப்பா, சதக்காவா, தர்மமா ஏதாவது வேணும்னா தாராளமா கேளு சுலைகா என்று ஆரம்பித்தார்.

"சதக்கா கேக்க வரலை. என்னோட ஹக்கை, உரிமையைக் கேக்க வந்தேன். நீங்க சம்பாதிச்சது இந்தத் தீவுல. அதுல ஏழைக்கு இருக்கிற உரிமையும் இந்தத் தீவுலதான் இருக்கு. அது உங்க பொருளே இல்லை காக்கா, உங்ககிட்ட இருக்கு, அவ்வளவுதான். சில்லறையாத் தராதீங்க, ஒரு தடவையாத் தாங்க. பன்னீர்செல்வம் சார் மாட்டை வாங்கிக்கிறேன். அடுத்த நோன்புக்கு இந்த வாசலுக்கு நான் வர மாட்டேன்."

குரல் உயரவே இல்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை. போகும்போது ஜெய்னம்பு ஏணியைப் பார்த்தாள். இன்னும் கோபம்தான். ஆனால் பார்த்தாள்.

டிசம்பர் 14

நோன்பு திறந்து வாப்பா, உம்மா பரிமாறிய கஞ்சியை ஆற வைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"சட்டம் எனக்குத் தெரியாதா? எங்கே பொருள் இருக்கோ அங்கேதான் குடுக்கணும். நம்ம மத்ஹப் வழியில அப்படித்தான். தெரியும்."

தெரிந்தே ஏன் அனுப்பினீங்க என்று கேட்க வாயெடுத்தேன். உம்மா அகப்பையைத் தூக்கினார். அதற்குள் அவரே சொன்னார்.

"பொருள் ஊர்லதான் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டேன். நாம அங்கேதான் இருக்கோம், இங்கே சும்மா கடை போட்டிருக்கோம்னு."

நான் பிறந்ததே இங்கே. சும்மா பிறந்தேன் போலிருக்கிறது. இதைச் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்ட முதல் ஜோக். தேதி போட்டு வைக்கிறேன்.

டிசம்பர் 15

பஜார்க்காரர்கள் சண்டை. ஊர் ஏழைகள் காத்திருப்பார்கள், வீட்டு மானம் என்னாவது, ஒரே பொம்பளைக்கு ஒரு முழு மாடா, இன்றைக்கு ஒருத்திக்கு மாடு என்றால் நாளைக்கு ஒருத்தன் லாரி கேட்பான். ஒருவர் சொன்னதுதான் உச்சம். ஜகாத் வாங்குகிறவர் கொஞ்சம் கஷ்டத்தில் இருந்தால்தானே அடுத்த வருஷமும் கொடுக்க ஆள் இருக்கும்!

இவர் டாக்டராகாமல் போனது தீவின் அதிர்ஷ்டம்.

கப்பல் தாமதம். கடலில் புயல் சின்னமாம். எங்கள் வீட்டிலும்.

டிசம்பர் 18

கப்பல் போயிற்று. மற்றவர்களுடைய ஜகாத்தை எடுத்துக்கொண்டு யூசுப் காக்கா போனார். வாப்பாவின் பங்கு போகவில்லை, மாட்டுக்காக மாமி கைக்குப் போனது. இரண்டு பங்க் டிக்கெட்டையும் வாப்பாவே ஆபீசில் திருப்பிக் கொடுத்தார்.

பன்னீர்செல்வம் சாரும் நீலாவதி அக்காவும் அதே கப்பலில் போனார்கள். ஜெட்டியில் அக்கா கோரிக்காக அழுதார். எனக்காகவும் கொஞ்சம் அழுதீர்களா என்று கேட்டேன். உனக்காக அழ இன்னும் நெறைய வருஷம் இருக்கு என்றார். கப்பல் திரும்புகிற வரைக்கும் அதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டே நின்றேன்.

டிசம்பர் 22, பெருநாள்

ஜெய்னம்பு வீட்டுக்கு வந்தாள். என் முன்னால் நின்று கையை நீட்டினாள். நாலணா இருந்தது. அந்தக் கிழவருடைய காசு. அன்றைக்குக் கோட்டின் மேல் வைத்ததை ராஜமாணிக்கம் அண்ணன் எடுத்து வைத்திருந்து அவளிடமே கொடுத்தாராம்.

"இதை அவருகிட்ட நீயே திருப்பிக் குடு. மறுபடி அப்படி எழுதினே, மாட்டை விட்டு முட்டச் சொல்லுவேன்."

கோரி முட்டாது, அதுக்கு உன்னைவிட நல்ல குணம் என்றேன். அடித்தாள். அப்பாடா.

1969 ஜனவரி 4

மாடு பால் கறக்க விடவில்லை!

இவ்வளவு சண்டை போட்டு, இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டு, கப்பலைத் தோற்கடித்து வாங்கின மாடு, மாமி கிட்டே போனால் காலை உதறுகிறது. ஊரில் மாடு வளர்த்தவர்தான் மாமி. கெஞ்சுகிறார், கொஞ்சுகிறார், பாட்டுப் பாடுகிறார். அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டு வாரமாகக் கன்றுக்கு மட்டும்தான் விருந்து. பஜாரில் எல்லாரும் 'ஜகாத் மாடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முழு மாடு வேண்டாம் என்று சண்டை போட்டவர்தான் ரொம்பச் சத்தமாகச் சொல்கிறார்.

வாப்பா பிண்ணாக்கு ஒரு மூட்டை வாங்கி அனுப்பினார்.

ஜனவரி 6

கண்டுபிடித்துவிட்டேன்! (நான்தான். எழுதி வைக்கிறேன், நாளைக்கு ஜெய்னம்பு மறுப்பாள்.)

பன்னீர்செல்வம் சார் அதை ஒரு ராஞ்சிக்காரரிடம் வாங்கினார். கறக்கும்போது சாரும் அதனிடம் ஆபீஸ் ஹிந்தியில்தான் பேசுவார், நான் கேட்டிருக்கிறேன். கோரிக்குத் தமிழே தெரியாது! பாவம், யாரோ அந்நியர்கள் வந்து புரியாத பாஷையில் காலடியில் உட்கார்ந்தால் யார்தான் உதைக்க மாட்டார்கள்?

எதிரே நின்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில், "கோரி தேவி, ருக் ஜாயியே", நில்லுங்கள் தேவி, என்றேன். காதைத் திருப்பியது. "ஷாபாஷ் பேட்டி, கடி ரஹோ." நின்றது. நின்றேவிட்டது. மாமி பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். சர் சர் என்று சொம்பில் பால் விழுகிற சத்தம்.

இத்தனை வருஷம் இங்கே இருந்தும் மாமி ஹிந்தி பேசியதில்லை. இப்போது தொடங்கிவிட்டார். அரபியில் பிஸ்மி, ஹிந்தியில் ருக் ஜா, வால் முகத்தில் அடித்தால் தமிழில் திட்டு.

பிப்ரவரி 11

பெரிய வாப்பாவின் கடுதாசி. வாப்பா இந்தத் தடவை சத்தமாக வாசிக்கவில்லை. நான் அப்புறம் எடுத்துப் படித்தேன். அனுப்பியது பெருநாள் கழித்து வந்தது, அதுவும் போதாமல் வரிசையில் பாதிப் பேரை வெறும் கையோடு திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று, நம் வீட்டு வரலாற்றில் இப்படி ஒரு தலைகுனிவு இல்லை, அந்தமான் காற்று உன் புத்தியைக் கெடுத்துவிட்டது.

ஒரு நாள் முழுக்க ஜோக்கே வரவில்லை. திரும்பிப் போன பாதியில் ஒரு ஜெய்னம்பு இருந்திருப்பாளா? இருந்திருப்பாள். அவளுக்கு என்ன சொல்வது? இங்கே ஒரு மாடு வாங்கிவிட்டோம் என்றா?

என்ன எரிச்சல் இது. ஒரு பக்கம் இழுத்துப் போர்த்தினால் இன்னொரு பக்கம் கால் தெரிகிறது.

வாப்பா நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினார். வரிசை வைக்காதே, இரண்டு குடும்பமாவது முழுதாக நிமிர்கிற மாதிரி பார்த்துக் கொடு, வேண்டியதை நான் அனுப்புகிறேன் என்று. நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். குறும்பு ஒன்றும் செய்யாமல், அப்படியே போட்டேன்.

மார்ச் 3

ஜெய்னம்பு ஸ்கூலுக்குத் திரும்பிவிட்டாள். விடியற்காலையில் குட்வில் எஸ்டேட்டில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு, காலித் தூக்கோடு நேராகக் கிளாசுக்கு வருகிறாள். தினமும் லேட். ஜெயலட்சுமி டீச்சர் தினமும் திட்டுகிறார். டீச்சர் வீட்டுக்கும் இவள்தான் பால். திட்டு கொஞ்சம் தண்ணீர் கலந்துதான் வருகிறது.

ஜூன் 20

மழை. பஸ் இல்லை. பாலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாளாம். மாமிக்குக் காய்ச்சல். தீவன விலை ஏறிவிட்டது. மாடு வாங்கிக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேனே, எனக்கு யாராவது மூளை வாங்கிக் கொடுத்தால் தேவலை.

நவம்பர் 8

பெரிய வாப்பாவின் பதில், ஒன்பது மாதம் கழித்து! 'வரிசை இல்லாமல் ஒரு நோன்பா?' அவ்வளவுதான். ஒரே வரி.

வாப்பா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் மாற மாட்டாரு" என்றார். அந்தக் குரலில் போன வருஷத்து வாப்பாவும் கொஞ்சம் இருந்தார். இந்த வருஷமும் ஊருக்குக் கொஞ்சம் போகிறது. பெரிய வாப்பா கைக்கு இல்லை. அங்கே மீன் வலை பின்னுகிற இரண்டு வீட்டின் பெயரை யூசுப் காக்கா விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். காக்காவுக்கு விரல் மட்டும் இல்லை, மூளையும் இருக்கிறது.

டிசம்பர் 10

நாளைக்குப் பெருநாள். கடையில் நிற்க இடமில்லை. நெருக்கத்தில் ஜெய்னம்பு பால் தூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவளைப் பார்த்ததும் வாப்பா கல்லாவின் மூலையிலிருந்து ஒரு ஜகாத் கவரை எடுத்தார். சுலைகா என்று மேலே எழுதியிருந்தது. இந்த நோன்பு முழுக்க மாமி வரவே இல்லை. சொன்ன சொல்லுக்காகக் கஷ்டத்தை மறைக்கிறாளோ என்று வாப்பா உம்மாவிடம் இரண்டு தடவை சொன்னதை நான் கேட்டேன்.

அவள் கவரை வாங்கவில்லை. தூக்கை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அரிசி.

"எங்க வீட்டு ஃபித்ரா, மாமா. எனக்கும் உம்மாவுக்கும். யாருக்குக் குடுக்கலாம்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

பெருநாளைக்கு வீட்டில் சாப்பாட்டுக்குப் போக மிச்சம் இருக்கிற எல்லாரும் தலைக்கு இவ்வளவு என்று அரிசி கொடுத்தே ஆக வேண்டும். போன பெருநாளைக்கு நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தோம்.

வாப்பா அரிசியைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். பேனாவை எடுத்துப் பெயரை அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் பேனா அப்படியே நின்றது.

"இங்கே வேற யாரு இருக்காங்கம்மா?" என்று கேட்டார், அவளிடம். "நீதானே வீடு வீடாப் போறே."

ஜெய்னம்பு யோசித்தாள். குட்வில் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு வாட்ச்மேன் குடும்பம், நம்ம ஆளுங்கதான், போன மாசம் பாலை நிறுத்திட்டாங்க என்றாள். கேட்டதுக்குக் குழந்தைக்குப் பால் பிடிக்கலைன்னு சொன்னாங்க.

"பால் பிடிக்காத குழந்தையா" என்றார் வாப்பா. கவரை என் கையில் கொடுத்தார்.

கவரும் அரிசித் தூக்குமாக இரண்டு பேரும் போனோம். ஷெட் கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஜெய்னம்பு என் பையைத் தடவிப் பார்த்தாள், சாக்பீஸ் இருக்கிறதா என்று. அவள் தடவின பை சரியான பை இல்லை. ஆனால் மற்றப் பையில் இருந்ததை நான் எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். பால் தூக்கைப் பார்த்ததும், வேண்டாம்மா, பால் நாங்க வாங்கறதில்லே என்று அவசரமாகச் சொன்னார்.

"பால் இல்லை, லாத்தா" என்றாள் ஜெய்னம்பு. "முதல்ல கதவைத் திறங்க."